முப்பத்தெட்டு கிலோ, உருப்படி ஒன்று

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பேர் வெளிநடப்பு. சபையில் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்களே, அந்த வெளிநடப்புதான். ஆனால் இவள் கோபித்துக்கொண்டு போனதில்லை. டீ குடிக்கப் பத்து நிமிஷம் மணி அடித்தால் மற்றவர்கள் துணி மூட்டைமேல் சாய்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இவள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்த் துணி காயப்போடும் முற்றத்தில் நின்றுவிடுவாள். மழை பெய்தால் டம்ளரில் டீ கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சலவைக்கூடம் தரைக்கு அடியில் இருந்தது, பின்கதவிலிருந்து ஒரு சரிவுப் பாதை மேலே முற்றத்துக்கு ஏறும். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் பாய்லர் உறுமும், இன்னொரு பக்கம் நாலு பெரிய மிஷின்கள் பேய் பிடித்ததுபோல ஆடும், நடுவில் மனுஷர்கள் வேகுவார்கள். அந்தப் புழுக்கத்தில் இருபத்தேழு வருஷம் கிடந்தவளுக்கு ஆகாசத்தின்மேல் ஆசை வந்ததில் என்ன ஆச்சரியம் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. ஆசை முதலிலேயே இருந்தது. கல்யாணத்தன்று போட்டோ எடுக்கிற நேரத்தில் பெண்ணைக் காணோம் என்று தேடி, கடைசியில் மொட்டைமாடியில் கண்டுபிடித்ததாக அவளுடைய நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிவாள். நாத்தனார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் மொட்டைமாடி மீதிப் பாதியில்தான் வருகிறது.

கட்டிக்கொண்டவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வெயிலைக் கண்டால் தும்முவார், காற்றைக் கண்டால் கதவைச் சாத்துவார். இரண்டு பேரையும் சேர்த்துவைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. ஆனாலும் சண்டை சச்சரவு கிடையாது. அவர் உள்ளே, இவள் வெளியே, குடித்தனம் ஜன்னல் வழியாக நடந்தது. மகளுக்கு ஐந்து வயசாகும்போது ஒரு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். சின்ன வயசுதானே, இன்னொருத்தனைப் பார்க்கலாமே என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, வருகிறவன் இவரைப்போல ஜன்னலையாவது திறந்து வைப்பான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாளாம். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

அப்புறம் அவளுக்கு எல்லாமே மகள்தான்.

மகளுக்குச் சின்ன வயசில் இளைப்பு. மழை பிடித்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். பிள்ளையைப் போர்த்தி உள்ளே பூட்டி வை என்றாள் எதிர்வீட்டுக்காரி. அம்மா மருந்தை வேளை தவறாமல் கொடுப்பாள், கொடுத்த கையோடு பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடப்பாள். எட்டு வயசு வரைக்கும் முதுகுதான் வாகனம். எட்டு வயசுப் பிள்ளையைச் சுமந்தால் சுமக்கிறவளுக்கு இளைப்பு வரும். வந்தது. ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து, மகளுக்குப் போட்டியாக மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் எழுந்து நடப்பாள். பிள்ளைக்கு இளைப்பு விட்டது மருந்தினாலா ஏரிக்காற்றினாலா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. விட்டதே, அது போதும் என்றாள்.

எந்தப் பறவைக்கும் அவளுக்குச் சரியான பேர் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கிற கொக்குக்கு வாட்ச்மேன். விடிந்ததிலிருந்து ஒரே குற்றத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிற சாம்பல் குருவிக்கு நாத்தனார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் படத்தைக் காட்டி இது என்ன பறவை என்று கேட்க, மகள் எழுந்து நின்று நாத்தனார் என்று சொல்ல, வகுப்பே உருண்டு சிரித்தது. அழுதுகொண்டு வந்த மகளை அன்றைக்குச் சமாதானப்படுத்த முடியவில்லை. அடுத்த பத்து நாளும் வேலை முடிந்ததும் அம்மா நேராக நூலகத்துக்குப் போய், பறவைப் படம் போட்ட தடிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, நாற்பது பறவைப் பேரை உருப்போட்டுக்கொண்டு வந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வகுப்பில் அதற்குப்பின் பறவை என்றால் இந்தப் பெண்தான். ஏரிக்கரையில் மட்டும் நாத்தனார் நாத்தனாராகவே இருந்தாள்.

மகளுக்கு என்னவோ இந்த வெளிச் சமாசாரம் ஒட்டவே இல்லை. சேறு பிடிக்காது, பூச்சி பிடிக்காது, நேரம் சொல்லாமல் வருகிற மழை அறவே பிடிக்காது. அவளுக்குப் பிடித்தது விதி. எதை எப்போது செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் நிம்மதி. அவளுக்கு ஏற்றாற்போலவே பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பரீட்சைக்கு நூற்றிப் பத்து விதி மனப்பாடமாகத் தெரிய வேண்டும். மகள் வீட்டுக்குள் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாள் என்று அம்மா அவளை ஏரியைச் சுற்றி நடக்கவைத்தாள். ஒரு சுற்றுக்குப் பத்து விதி. இரண்டு மாசம் நடந்ததில் மகள் பாஸ் செய்தாள், அம்மாவுக்கு நூற்றிப் பத்தும் தலைகீழாகத் தெரிந்தது.

அந்த அம்மாவையே மகள் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாள். இது தெரு முழுக்கத் தெரிந்த கதை. மகள் திடீரென்று ஏறிச் சோதித்த பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த டிக்கெட் முந்தின நிறுத்தத்தோடு சரி. குன்றுப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது, பார்த்துக்கொண்டே வந்துவிட்டாளாம். மகள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, இறங்குங்கம்மா என்றாள். பஸ்ஸே வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. அம்மா இறங்கினாள், படியில் நின்று திரும்பினாள்.

“விதி நாப்பத்தொண்ணு. இறக்கி விடறப்ப நிழல் இருக்கிற இடமாப் பார்த்து இறக்கணும். இங்க மரமே இல்லையே, மேடம்.”

அப்படியே விதி இருந்தது. பஸ் அரை மைல் போய் ஒரு மரத்தடியில் நின்றது. அம்மா சந்தோஷமாகக் குன்றைப் பார்த்து நடந்தாள். அம்மாவையே விடாதவள் என்று மகளுக்கு டிப்போவில் தனி மரியாதை வந்தது. அன்றைக்கு வீட்டில் மட்டும் மகள் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மாதான், செய்தது சரிதானே, சரியானதைச் செய்துவிட்டு யாராவது பட்டினி கிடப்பார்களா என்று ஊட்டிவிட்டாள். பரிசோதகருக்கு அப்போது வயசு முப்பத்திரண்டு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்மா வீட்டில் தங்கின நேரம் ரொம்பக் கம்மி. வருஷத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. எழுபத்தொன்றாவது வயசில் குன்றில் பாதி ஏறியதும் மூச்சு நின்று நின்று வந்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. மூன்றாவது முறை அவளே வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், ஆறாவது வார்டில் படுக்கவைத்தார்கள். டாக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மாசக் கணக்கு இல்லை, வாரக் கணக்குதான் என்றார்.

ஆறாவது வார்டு ஜன்னல்களைத் திறக்க முடியாது. குளிர்சாதனம் வைத்தபோது எல்லாவற்றையும் ஒட்டி அடைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டடத்தின் சுவர். அம்மா முதல் நாளே சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ரூமில் நான் அழுக்குத் துணிகூட வைக்கமாட்டேன் என்றாள். இரண்டாம் நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, ஒரே ஒரு தடவ வெளிய கூட்டிட்டுப் போ. அப்புறம் எங்க வேணா படுத்துக்கறேன்.”

மகள் பெரிய சிஸ்டரிடம் போய்க் கேட்டாள். பெரிய சிஸ்டர் என்றால் அந்த மாடிக்கே தலைமை நர்ஸ், குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கிறவர். மூச்சுக் குழாய் வைத்த நோயாளி வார்டைவிட்டு இறங்கக்கூடாது, விதி அப்படி என்றார். மகள் தலையை ஆட்டினாள். விதி என்றால் அவளுக்கு மேலே பேச வராது. உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. கூட்டிப்போய் வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்துக்கு விதி ஒரு சுவராக நின்றது. திரும்பி வந்து, கூடாதாம்மா என்றாள். அம்மா சண்டை போடுவாள், ஏதாவது விதியைத் தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா சரி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் மகளைக் குத்தியது. அதற்குப் பிறகு அம்மா கேட்கவே இல்லை. சாப்பாடும் இரண்டு வாய், மூன்று வாய் என்று குறைந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மா கண் அயர்ந்திருந்தாள். போர்வைக்கு அடியில் இரண்டு பாதமும் மாறி மாறி அசைவதை மகள் பார்த்தாள். முதலில் வலிப்போ என்று பயந்தாள். இல்லை. நடக்கிறாள். மேட்டில் ஏறுகிறபோது எப்படி நிதானமாக வைப்பாளோ, அப்படி வைத்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். மகள் எழுந்து படி இறங்கிச் சலவைக்கூடத்துக்குப் போனாள்.

அங்கே பழைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தராசு அண்ணன். வார்டிலிருந்து வருகிற ஒவ்வொரு துணி வண்டியையும் வாசலில் எடை மேடைமேல் ஏற்றி, வண்டியின் எடையைக் கழித்து, வார்டு, கிலோ, உருப்படி என்று பதிவேட்டில் எழுதுகிறவர். கல்யாண வீட்டில் தொட்டில் குழந்தையைக் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற ஆசாமி. இன்னொருத்தி இஸ்திரி அக்கா. அவள் வாய்க்கும் இஸ்திரிப் பெட்டி சூடு.

மகளுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. முற்றத்தில் இப்போதும் துணி காய்கிறதா என்று கேட்டாள். வெயில் எத்தனை மணிக்கு நன்றாக விழும் என்று கேட்டாள். மேலே போகிற துணி வண்டி எவ்வளவு கனம் தாங்கும் என்று கேட்டபோது இஸ்திரி அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள்.

“இதைக் கேக்கறதுக்கு உனக்கு அஞ்சு நாள் ஆச்சா? நாங்க வண்டியத் துடைச்சு வச்சு மூணு நாள் ஆகுது.”

மறுநாள் பதினோரு மணிக்கு, டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனபின், பெரிய சிஸ்டர் கூட்டத்துக்குப் போன சமயம் பார்த்து, வண்டி ஆறாவது வார்டுக்கு வந்தது. குழாய் இல்லாமல் அரைமணி வரை தாங்கும், பயமில்லை என்று டாக்டரிடம் மகள் சுற்றிவளைத்துக் கேட்டு வைத்திருந்தாள். வண்டிக்குள் வெளுத்த விரிப்புகளை மெத்தையாகப் போட்டு, அம்மாவை மடக்கி உட்காரவைத்து, மேலே ஒரு போர்வையை மூடினார்கள். லிஃப்டில் ஒரு இளவட்ட டாக்டர் ஏறினார். இரண்டாம் மாடியில் வண்டி இருமியது. மகள் உடனே தானும் பெரிதாக இருமினாள். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து, இந்த இருமலுக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். போர்வை குலுங்கிச் சிரித்தது.

சலவைக்கூட வாசலில் எடை மேடை. அதைத் தாண்டாமல் வண்டி உள்ளே போக வழியில்லை. வண்டி ஏறியது, முள் ஆடி நின்றது. தராசு அண்ணனுக்கு எல்லாம் தெரியும், திட்டம் போட்டவரே அவர்தான். ஆனால் கை பழகிப்போன கை. முள்ளைப் பார்த்தார், வண்டியைக் கழித்தார், இருபது வருஷமாகச் சொல்கிற அதே குரலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டார்.

“ஆறாவது வார்டு. முப்பத்தெட்டு கிலோ. உருப்படி ஒண்ணு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா எழுபது கிலோ இருந்தவள். ஈர விரிப்பு மூட்டையை இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினவள். மெத்தையாகப் போட்ட விரிப்புகளும் சேர்த்துத்தான் முப்பத்தெட்டு. டாக்டர் வாரக் கணக்கு என்று சொன்னபோது புரியாத ஒன்று மகளுக்கு அங்கே புரிந்தது. வண்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஈரத்தோடயா, காஞ்சதா?”

இஸ்திரி அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுது முடித்தாள். தராசு அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை முற்றத்துக்குத் தள்ளினார்.

வெயில் கண் கூசும்படி விழுந்துகொண்டிருந்தது. பத்து வரிசைக் கொடியிலும் வெள்ளை விரிப்புகள் காற்றில் வயிறு உப்பி எழுந்து எழுந்து அடங்கின. மதில்மேல் இரண்டு காக்கை. மதிலுக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தின் தலை மட்டும். வேறொன்றும் இல்லை. அம்மா போர்வையை விலக்கி முகத்தை மேலே தூக்கினாள். ஒரு விரிப்பின் முனை பறந்து வந்து அவள் கன்னத்தில் ஈரமாக உரசிவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் அவளுக்கு மூச்சு வாங்குவதே கேட்கவில்லை. அப்புறம் கண்ணைத் திறக்காமலே, மூணாவது வரிசையில் ஓரத்தை இழுத்து மாட்டவில்லை, சுருக்கம் விழும் என்றாள். இஸ்திரி அக்கா போய்ப் பார்த்தாள். விழுந்திருந்தது. அது அம்மாவுக்குத் துணி படபடக்கிற சத்தத்திலேயே தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பெரிய சிஸ்டர் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் சலவைப் பதிவேடு விரிந்திருந்தது. வாராவாரம் அதில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். பேனா முனையை ஒரு வரியில் வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டு கிலோவில் ஒரே உருப்படியாக ஒரு துணியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை, அது என்ன துணி என்று கேட்டார்.

எத்தனையோ பேர் பஸ்ஸில் சொன்ன பொய்யெல்லாம் மகளுக்கு அத்துப்படி. டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது, குழந்தை விழுங்கிவிட்டது, பின்னால் வருகிறவர் வைத்திருக்கிறார். தனக்கென்று வந்தபோது ஒன்றும் வாயில் வரவில்லை.

“எங்கம்மா, சிஸ்டர்.”

பெரிய சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல் வரிசையாகச் சொன்னார். வழியில் ஏதாவது ஆகியிருந்தால் என்ன ஆகும், லிஃப்ட் நின்றிருந்தால் என்ன ஆகும், எத்தனை பேர் வேலை போயிருக்கும். மகள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிளம்ப எழுந்தவள், என்ன ஆச்சோ, திரும்ப உட்கார்ந்தாள். முறைப்படி கூட்டிப்போக என்ன வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் கையெழுத்து, சக்கர நாற்காலி, கூடவே ஒரு நர்ஸ் என்றார் சிஸ்டர். கையெழுத்தும் நாற்காலியும் கிடைக்கும், நர்ஸ் கிடைக்காது, முப்பது படுக்கைக்கு இரண்டே பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். மகள் நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதிக்கு முன்னால் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பதிவேட்டை மூடினார்.

“ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். கீழ உக்காந்து சாப்பிட்டா யாரும் கேக்க முடியாது. கால்மணி நேரம். துணி வண்டியப் பக்கத்துல பார்த்தேன், அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு நாற்காலி இறங்கியது. பெரிய சிஸ்டர் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். முதல் நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காலை நீட்டினார். அம்மா அவருக்குக் காக்கைகளை அறிமுகம் செய்துவைத்தாள். ஒன்று சூப்பிரண்டு, மற்றது சூப்பிரண்டுக்கு ஜால்ரா போடுகிறவர். பெரிய சிஸ்டருக்குச் சாதம் புரையேறியது. மகள் இருவருக்கும் நடுவில், இத்தனை வருஷம் அம்மா கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொன்னவள், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. பிறகு கையால் காட்டுவாள், அதோ பார், இதோ பார் என்று. மகள் காட்டின பக்கமெல்லாம் பார்த்தாள்.

பதினோராம் நாள் ஒரு மணிக்கு மேலே ஏதோ அவசரம். பெரிய சிஸ்டர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு ஓடினார். கால்மணி ஆனதும் ஏற்றிவிடுங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் தலை மகள் பக்கம் சாய்ந்திருந்தது. காற்று அன்றைக்கு நன்றாகவே அடித்தது. கொஞ்சம் கழித்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மகள் திரும்பினாள். கேட்கவில்லை. கையைத் தொட்டுப் பார்த்தாள், கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், மறுபடியும் கையையே பிடித்துக்கொண்டாள்.

இஸ்திரி அக்கா ஈரத்துணிக் கூடையோடு முற்றத்துக்கு வந்தாள். தூங்குகிறாளா என்று கண்ணாலேயே கேட்டாள்.

“ஆமாக்கா. எழுப்ப வேணாம்,” என்றாள் மகள்.

மேலே போனால் திரையை இழுப்பார்கள், படிவம் வரும், ஒரு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார்கள். எல்லாம் முறைப்படி நடக்கும். நடக்கட்டும், இதோ போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர்ந்து வந்து அம்மாவின் மடியில் ஏறியது. எழுந்து நாற்காலியை வெயிலுக்கு நகர்த்திவிட்டு மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இஸ்திரி அக்கா காய்ந்த வரிசையை எடுத்து மடித்தாள், ஈர வரிசையை ஓரம் இழுத்து மாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்த வரிசை பாதி காய்கிற வரைக்கும் மகள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.